ஒன்பதாம் வகுப்பு என்று சொன்னார்கள்

வெளிநாட்டிலிருந்து வந்த அட்டைப்பெட்டியின் கயிற்றை நைனா பல்லால் கடித்து இழுக்கும்போதே அந்த வாசம் வந்துவிடும். வழவழப்பான தாளும், யாரோ ஒரு வீட்டுச் சோப்பும், பென்சில் சீவலும் கலந்த வாசம். அதற்குமேல், சிறிது நேரத்தில், அம்மா ரப்பரைத் தேய்க்கத் தேய்க்க எழும் சூடான வாசம். பெட்டிக்குள் இருந்தவை புதிய புத்தகங்கள் அல்ல. கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு பிள்ளை பென்சிலால் விடை எழுதி முடித்துவிட்ட பாடப் புத்தகங்கள், ஒவ்வொன்றும் ரேஷன் கார்டைவிடச் சற்றே தடித்தவை. அம்மா அவற்றை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் விடைகளை வரிவரியாக அழிப்பாள். அழித்த இடத்தில் நான் எழுதுவேன். எவ்வளவு அழித்தாலும் பென்சில் அழுந்திய பள்ளம் தாளில் இருக்கத்தான் செய்யும். விரலால் தடவினால் அந்தப் பிள்ளை என்ன எழுதியிருந்தது என்று தெரிந்துவிடும். தடவக் கூடாது என்பது நைனாவின் கட்டளை.

"தடவிப் பார்த்து எழுதறது திருட்டு பாப்பா. நான் டூட்டிக்குப் போனாலும் கர்த்தர் இங்கதான் குந்திக்கினு இருக்காரு."

நான் தடவியதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த வீட்டில் நேர்மை யாரிடம் எதிர்பார்க்கப்பட்டது என்பதை நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

செஞ்சியில் எங்கள் வீடு காலனியின் கடைசித் தெருவில் இருந்தது. கதவைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை. மூடினால் ஓட்டு இடுக்கு வழியாக அதே மலையின் வெயில். நைனா கரண்ட் ஆபீஸில் லைன்மேன். அவர் பிறந்த, பக்கத்து ஊரான வல்லத்தில், அவருடைய அப்பாவும் அண்ணனும் பிறர் நிலத்தில் கடலைக்காய் பிடுங்கிய குடும்பத்தில், பத்தாவது பாஸ் செய்த முதல் ஆள் அவர்; வேதத்துக்கு வந்த முதல் ஆளும் அவர்தான். ஜெபக்கூடத்தில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. கம்பத்தில் ஏறி வெளிச்சம் கொடுக்கிறவர் என்று ஊழியக்காரர் அவரை அறிமுகம் செய்வார். அந்த ஊழியக்காரரை நாங்கள் "பிரதர்" என்றே அழைத்தோம். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பெட்டிகள் அவர் மூலமாகத்தான் வந்தன.

பள்ளிக்கூடத்தை விட்டு நான் வீட்டில் படிக்க நேர்ந்தது ஒரு மின்கம்பத்தால். நாலாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் பள்ளியின் பின்சுவருக்கு வெளியே இருந்த கம்பத்தில் ஏதோ பழுது. நைனா மேலே ஏறி இடுப்பு பெல்ட்டைக் கம்பத்தோடு மாட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். அந்த உயரத்திலிருந்து பள்ளியின் பின்புறம் முழுவதும் தெரியும். டீச்சர் கூப்பிட்டு வாளியைக் கையில் கொடுத்தார். நானும் எங்கள் தெருவைச் சேர்ந்த இன்னும் இரண்டு பெண்களும் கக்கூசுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தோம். அது வாரத்தில் பல நாளும் நடப்பதுதான். எங்கள் மூவரையே கூப்பிடுவார்கள் என்பதும் எங்களுக்குப் பழகிப் போயிருந்தது, வீட்டில் சொல்ல வேண்டிய சங்கதியாகக்கூடத் தோன்றியதில்லை. நைனா இறங்கி வந்தார். வாளியைக் கவிழ்த்து வைத்தார், என் கையைப் பிடித்தார், நடந்தார். அவருடைய கருவிப் பை கம்பத்தின் உச்சியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நடையை நான் இன்றும் மறுக்க மாட்டேன். ஒரு மகளுக்கு அப்பாவின் கை அவ்வளவு இறுக்கமாக ஒரு முறையாவது கிடைக்க வேண்டும். பின்னால் நடந்ததையெல்லாம் நான் அந்தக் கையை வைத்துத்தான் அளக்கிறேன். அதனால்தான் அது இன்னும் வலிக்கிறது.

அடுத்த ஞாயிறு பிரதரிடம் போய் நின்றார். வெளிநாட்டில் விசுவாசிகள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வேதமும் கணக்கும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள் என்றும், அந்தப் பிள்ளைகள் முடித்த புத்தகங்களை இலவசமாக அனுப்புகிறார்கள் என்றும் பிரதர் சொன்னார். நைனாவுக்கு அது வானத்திலிருந்து வந்த பதில். எந்தப் பாடத்திட்டம் நல்லது, எது நம் பிள்ளைக்குப் பொருந்தும், எந்த வகுப்பு வரைக்கும் அது போகும் என்று கேட்கிறவர் அங்கு யாரும் இல்லை. பசித்தவன் இலையில் என்ன விழுகிறது என்றா பார்ப்பான்? கிடைத்ததுதான் பாடத்திட்டம் என்றாயிற்று. நம்மூர் அரசாங்கப் பாடப் புத்தகங்களை நைனா வீட்டுக்குள் விடவில்லை. அது வாளியைக் கொடுத்தவர்களின் புத்தகம்.

வல்லத்திலிருந்து பெரியப்பா வந்தார். நைனாவின் அண்ணன். உட்காரும் முன்பே ஆரம்பித்தார்.

"இன்னாடா, பொண்ண ஊட்லயே வெச்சிக் கலெக்டர் ஆக்கப் போறியாமே?"

"ஆக்குறேனா இல்லியான்னு பாரு."

"கலெக்டருக்கு சர்ட்டிபிகேட்டு யாரு குடுப்பா? இயேசு கையெழுத்து போட்டுத் தருவாரா?"

"பத்தாவது பரிச்சைய பிரைவேட்டா எழுதலாம்ணா. உம் பொண்ணு சுமதி எந்த வருசம் எழுதுதோ அதே வருசம் எம் பொண்ணும் எழுதும். ஒரே நாளு. பாத்துக்கினே இரு."

சுமதி பெரியப்பா மகள். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள். அந்த வாக்கு அன்றைக்கு எனக்குள் விழுந்து வேர் விட்டது. பத்தாவது பரீட்சை, சுமதியோடு, ஒரே நாள். மற்றப் பிள்ளைகள் பண்டிகைக்கு நாள் எண்ணுவதுபோல நான் அந்தப் பரீட்சைக்காகக் காத்திருந்தேன். பள்ளிக்கூடத்தின் வாசல் வழியாக மறுபடி ஒரு தடவை உள்ளே போக வேண்டும், அதுவும் வாளி இல்லாமல், கையில் பேனாவோடு. எனக்கிருந்த ஆசை அவ்வளவுதான், அது பெரிய ஆசை இல்லை.

வீடு பள்ளியாயிற்று. நைனாவுக்கு ஷிப்ட் இல்லாத காலைகளில் முதலில் ஜெபம், பிறகு வேதத்தில் ஓர் அதிகாரம் சத்தமாக வாசிப்பு, பிறகு ஆங்கிலம். ஒரு பழைய அகராதியை வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் போடுவார், சிக்கிய வயரைப் பிரிக்கிற அதே பொறுமையோடு. அவர் டூட்டிக்குப் போன நாள்களில் நானே படித்து, நானே எழுதி, ஆணியில் தொங்கும் விடைப் புத்தகத்தை எடுத்து நானே திருத்த வேண்டும். தப்புக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு, அந்த வட்டத்தை மறைக்காமல் நைனாவிடம் காட்ட வேண்டும். "தப்பு பண்ணா அடி கெடையாது. மறைச்சாதான் அடி" என்பார். மறைக்காமல் காட்டினேன், எல்லா வட்டங்களையும்.

நான் என்னென்ன கற்றேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பனியை எந்த மண்வெட்டியால் வாசலிலிருந்து தள்ள வேண்டும் என்று தெரியும். அந்த ஊர்ச் சில்லறைக் காசுகளைக் கூட்டிக் கழிக்கத் தெரியும்; சந்தையில் நம்மூர்க் காசுக்கு மீதி வாங்கத் தடுமாறுவேன். நதிகளின் பெயர் சொல்வேன், அவற்றில் ஒன்றுகூட எங்கள் ஊர்ச் சங்கராபரணி அல்ல. தமிழுக்குத் தனியாகப் புத்தகம் இல்லை. வேதத்தை வாசிப்பதுதான் தமிழ். அதனால் என் தமிழும் அப்படியே ஊறியது. கடலைக் கொல்லையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி ஒரு கோடை விடுமுறையில் சுமதியிடம் காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாடி இது, ஜெபம் பண்ற மாதிரியே கடல புடுங்குற. 'ஆகையால்'ன்ற, 'நிமித்தம்'ன்ற. கடலக்கா கேட்டா பயந்துக்கும்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. நான் அவளோடு பத்தாவது எழுதப் போகிறவள். எங்கள் வீட்டுக் கணக்குப்படி அப்போது நான் எட்டாவது.

அது எப்படி எட்டாவது என்று எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன். புத்தகங்கள் வந்ததும் அம்மா அவற்றின் அட்டையைக் கிழித்துவிட்டு, காலண்டர் தாளால் புது அட்டை போடுவாள். பழைய அட்டையில் அந்தப் பிள்ளையின் பெயரும் கிறுக்கலும் இருப்பதால் என்று காரணம் சொன்னார்கள். புது அட்டையின் மேல் நைனா தன் அழகான கையெழுத்தில் ஏழு என்றோ எட்டு என்றோ எழுதுவார். ஜூன் மாதம் வரும்போது எண் மாறும். மற்றப் பிள்ளைகளுக்குப் புதுச் சீருடை. எனக்குப் புது எண். தெருவில் யாராவது "எத்தினாவது படிக்கிற" என்று கேட்டால் நிமிர்ந்து நின்று சொல்வேன்.

ஒன்பது என்று எழுதிய அட்டைகள் வந்த வருடம், கிறிஸ்துமஸ் விடுமுறையில், வெளிநாட்டிலிருந்து ஒரு குடும்பம் ஜெபக்கூடத்தைப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, பதினோரு வயதுப் பையன் ஒருவன். கோட்டையைச் சுற்றிக் காட்டும் வேலை நைனாவுக்கு. என்னையும் கூட்டிப் போனார். வீட்டில் படிக்கிற பெண், இவர்கள் அனுப்பிய புத்தகத்தால் வளர்ந்த பெண் என்று காட்டுவதற்கு. எனக்கு வேறு காரியம் இருந்தது. ஒரு சொல் பல மாதமாக என்னைத் தூங்கவிடாமல் இருந்தது. மழையும் பனியும் பாதிப்பாதியாகக் கலந்து விழுமாம், அதற்கு அவர்கள் ஊரில் தனியாக ஒரு பெயர் உண்டாம். அது முகத்தில் விழுந்தால் எப்படி இருக்கும்? குத்துமா, கரையுமா? கேட்கக் கிடைத்த ஒரே ஆள் அந்தப் பையன். நைனாவுக்குத் தெரியாமல் பாடப் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டேன்.

ராஜகிரி ஏறும் வழியில் பழைய நெற்களஞ்சியத்தின் நிழலில் பெரியவர்கள் நின்று மூச்சு வாங்கினார்கள். நான் புத்தகத்தை எடுத்துப் பையனிடம் அந்தச் சொல்லைக் காட்டினேன். வாயால் சொன்னபோது அவனுக்குப் புரியவில்லை. அந்த மொழியை அந்த ஊர்க்காரர் பேசி நான் காதால் கேட்டதே இல்லை, கண்ணால் மட்டும் கற்றவள். எழுத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஊசி மாதிரி குத்தும், பிறகு சட்டைக்குள் தண்ணீராகிவிடும் என்று கையால் நடித்துக் காட்டினான். நன்றாக நடித்தான். பிறகு புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை நான் போன வருடமே முடித்துவிட்டேன் என்றான்.

இது ஒன்பதாவது என்றேன்.

இல்லை, ஐந்தாவது என்றான். கேலி இல்லை, குறும்பு இல்லை. வழி தெரியாதவருக்கு வழி சொல்கிறவன் குரல். பக்கத்தின் கீழ்மூலையில் சின்னதாக ஓர் அணில் அச்சிட்டிருக்கும். எல்லாப் பக்கத்திலும் இருக்கும். அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தேன். அவன் அதில் விரலை வைத்தான். வாத்து போட்டிருந்தால் மூன்றாவது, முயல் போட்டிருந்தால் நான்காவது, அணில் என்றால் ஐந்தாவது, மான் ஆறாவது. அவன் இப்போது மானில் இருக்கிறானாம். அட்டையைக் கிழித்துவிடலாம், ஒவ்வொரு பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிற அணிலை எப்படிக் கிழிப்பது?

வாத்து எனக்குத் தெரியும். முயலும் தெரியும். அணில் ஏழிலும் இருந்தது, எட்டிலும் இருந்தது, ஒன்பதிலும் இருக்கிறது. மானை நான் பார்த்ததே இல்லை.

மலையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. கீழே விருந்தினர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நைனா அவர்களுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

"நைனா, நான் எத்தினாவது படிக்கிறேன்?"

"இன்னா கேள்வி இது. ஒம்பதாவது."

"அந்தப் பையன் அஞ்சாவதுன்றான்."

நைனா விருந்தினர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, பாடம் சொல்லித் தருகிற அதே பொறுமையான குரலில் சொன்னார்:

"அவுங்க ஊரு அஞ்சாவதும் நம்மூரு ஒம்பதாவதும் ஒண்ணு பாப்பா. அவுங்க படிப்பு அவ்ளோ ஒசத்தி. அதுக்குத்தான உன்ன அதுல போட்டேன்."

நான் நம்பினேன். இந்த இடத்தை எழுதும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடுகிறது. நம்பியது மட்டுமல்ல, சந்தோஷப்பட்டேன். சுமதி படிப்பதைவிட நான்கு வகுப்பு உசத்தியான படிப்பு என்று வீடு வரைக்கும் குதித்துக்கொண்டு போனேன். அட்டையில் எழுதிய முதல் பொய்யில் ஏமாந்ததை இப்போது மன்னித்துவிடலாம் என்று தோன்றுகிறது. நேருக்கு நேர் நின்று, என் கண்ணைப் பார்த்துச் சொன்ன இந்த இரண்டாவது பொய், அது எனக்குக் கொடுத்த சந்தோஷத்தோடு சேர்ந்து, இன்றும் மன்னிப்புக்கு வெளியே நிற்கிறது.

மூன்று வாரம் கழித்துப் பொங்கலுக்கு வல்லம் போனோம். நாங்கள் பொங்கல் வைப்பதில்லை, ஆனாலும் பெரியப்பா வீட்டுச் சோற்றை விடுவதில்லை. சுமதியின் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கூடத்தில் கிடந்தது. எடுத்தேன். உசத்தியான படிப்புப் படிக்கிறவள் அல்லவா, ஓர் அலட்சியத்தோடுதான் எடுத்தேன். எண்களுக்கு நடுவே எழுத்துகள் நின்றன. எழுத்துகளின் தலையில் குட்டி எண்கள். தமிழ்தான், ஒரு வரி புரியவில்லை. இயற்பியல் புத்தகத்தைத் திறந்தேன். அதுவும் அப்படித்தான். சுமதி எட்டிப் பார்த்து, "அது ஈசிடி, இங்க பாரு" என்று இரண்டு வரியில் போட்டுக் காட்டினாள். அவள் காட்டி முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

அம்மா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்க வேண்டியிருக்கவில்லை, என் முகத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"பிரதரு வந்து சொன்ன அன்னிக்கே. மேல் கிளாஸ் புக்கு சும்மா வராது, அங்க புள்ளைங்க பெருசானா புக்க குடுக்கமாட்டாங்கன்னு சொன்னாரு. இருக்கறத வெச்சி ஓட்டுங்கன்னாரு. உங்க நைனா என்னா பண்ணுவாரு. ஒரு வருசத்துப் பாடத்த மூணு வருசத்துக்குப் பிரிச்சாரு."

"அட்டைய?"

"நான்தான் கிழிச்சேன். அடுப்புல போட்டேன்." சாம்பலும் நாருமாக இருந்த கையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மேல வரும் மேல வரும்னு பார்த்தோம்டி. உங்க பெரிப்பா மூஞ்சில எப்டி முழிக்கறதுன்னு இருந்துட்டாரு."

ஒரு வருடப் பாடத்தை மூன்று வருடத்துக்கு. கரண்ட் போதாத காலத்தில் ஊரை ஊராகப் பிரித்து, இங்கே இரண்டு மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம் என்று முறை வைத்து விடுவார்களே, அதைத்தான் அவர் என் தலைக்கும் செய்திருக்கிறார். இருட்டில் இருக்கிறோம் என்று ஊருக்காவது தெரியும்.

நைனாவிடம் கேட்டது செஞ்சி திரும்பிய மறுநாள் காலை. டூட்டிக்குக் கிளம்பி, இடுப்பு பெல்ட்டின் கொக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எல்லாம் சொல்லிவிட்டாள் என்றேன். மறைச்சாதான் அடி என்று சொன்னது நீதானே என்றும் கேட்டேன். அவர் கொக்கியை மறுபடி மறுபடி மாட்டிக் கழற்றினார்.

"உன்ன எங்கயும் கொண்டு போயி எவன் முன்னாடியும் நிக்க வெக்கக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாக்கியத்தின் மீதி இன்னும் எனக்கு வந்து சேரவில்லை.

அந்த ஜூன் மாதம், அப்போது ஐந்து வயது முடிந்திருந்த என் தம்பி சாமுவேலை வேறு ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். அம்மா அவனுக்குத் தலை வாரினாள், நைனா சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். பிழை புரிந்துவிட்டது, திருத்தம் மட்டும் அவனுக்குக் கிடைத்தது. நான் சுமதியின் பழைய புத்தகங்களை வாங்கி வந்து ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கினேன். எட்டாவதைத் தனித்தேர்வாக எழுதினேன். பிறகு, நெடுநாள் கழித்து, பத்தாவது. அன்றைக்கு என் கையில் பேனா இருந்தது, வாளி இல்லை. ஆனால் பக்கத்து இருக்கையில் சுமதி இல்லை. அவள் அப்போது கல்லூரிக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தாள்.

அம்மா இப்போது இல்லை. பிரதர் இல்லை, பெட்டிகள் வருவதில்லை, கயிற்றைக் கடிக்க நைனாவுக்குப் பல்லும் இல்லை. காலனிக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பின்சுவரும் கம்பமும் போய், அங்கே வரிசையாகக் கடைகள். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது: மற்றவர்கள் தோழிகளின் பெயரோடும் டீச்சர்களின் பட்டப்பெயரோடும் நினைவு வைத்திருக்கிற அந்த மூன்று வகுப்புகள் என் வாழ்க்கையில் எந்தப் பக்கம் திருப்பினாலும் இல்லை.

இவ்வளவையும் கிளறிவிட்டது தம்பி மனைவி நிர்மலா. மகள் ஜெனியை வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறாள். வேன் பயணத்தில் தினமும் வாந்தி, வகுப்பில் வாயே திறப்பதில்லை, விசுவாசத்தில் வளர வேண்டும் என்ற ஆசை வேறு. காரணங்களில் எனக்குக் குறை தெரியவில்லை. போனைக் கொடுத்தாள். எனக்குத் தலை சுற்றியது. கிறிஸ்தவப் பாடத்திட்டங்கள் எத்தனை வகை, எல்லாம் இலவசம். வேதக் கதைக்கு வண்ணம் தீட்டும் தாள், எண் பழக்கும் தாள், பாட்டு, படம். தொட்டால் இறங்குகிறது, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் சுடச்சுடக் கையில் வருகிறது. தாய்மார்கள் குழு ஒன்று வாட்ஸ்அப்பில் விடியும் முன்பே பேசத் தொடங்கிவிடுகிறது. நைனாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நான் சொல்லித் தர்றேம்மா. எனக்கு இதுல அனுபவம் இருக்குது" என்றார்.

அந்த ஞாயிறு ஜெபக்கூடத்தில் சாட்சி சொல்லும் நேரம். கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சபை முன் சொல்வது எங்கள் வழக்கம். மைக் நைனாவிடம் வந்தது. கைத்தடியை ஊன்றி எழுந்தார். எத்தனையோ வருடமாக அவர் சொல்லும் அதே சாட்சி: "பள்ளிக்கூடம் தள்ளிவிட்ட என் மகளைக் கர்த்தருடைய கிருபையினாலே வீட்டில் வைத்தே பத்தாவது வரைக்கும் படிக்க வைத்தேன்." சபை கை தட்டியது. வழக்கமாக நான் தலையைக் குனிந்துகொள்வேன். முக்காட்டுக்குள் அது பணிவு போலத் தெரியும். அன்று என் பக்கத்தில் நிர்மலா கண் கலங்கி, ஜெனியை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, மாமா சொல்றாப்புல பத்தாவது வரைக்கும் ஊட்லயேவா படிச்சீங்க? அப்ப எந்த சிலபஸ்ஸு? அதே கெடைச்சா ஜெனிக்கும் போட்ரலாம்."

சொன்னேன். வாளியிலிருந்து அடுப்பில் எரிந்த அட்டை வரைக்கும். அவள் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் படிக்க வைக்காதே என்று நான் சொல்லவில்லை. இலவசம் கெடுதல் என்றும் சொல்லவில்லை. எந்தத் திட்டத்தை எடுத்தாலும் முதலில் அதன் கடைசி வகுப்பைத் திறந்து பார் என்றேன். முதல் வகுப்பை உலகமே சும்மா தரும், மேலே போகப் போகத்தான் கதவு சாத்துவார்கள். நம்மூர் அரசாங்கப் புத்தகமும் போனிலேயே சும்மா கிடைக்கிறது, அதையும் பக்கத்தில் வை, இவள் நாளைக்கு எழுதப் போவது அந்தப் பரீட்சைதான். வருடத்துக்கு ஒரு தடவை இவள் விடைத்தாளை இவள்மேல் பாசமே இல்லாத ஒருவர் திருத்தட்டும். எத்தனையாவது படிக்கிறாள் என்பதை இவளிடம் மறைக்காதே. அன்றைக்கே போனில் இரண்டு திட்டங்களை அழித்தாள். இரண்டுமே நாலாம் வகுப்போடு நின்றவை.

கூடத்திலிருந்து நைனா கூப்பிட்டார். காது மந்தம் என்று நாங்கள் நினைப்பதில் பாதிதான் உண்மை.

"இன்னா சொன்ன அவகிட்ட?"

"நடந்தத சொன்னேன் நைனா."

கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் சொன்ன சாட்சி?"

"அது உன்னுது. நீதான் சொல்லணும்."

அதற்காக நான் அடுத்த ஞாயிறு வரை காத்திருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. நாற்பது வருடம் காத்திருந்தவளுக்கு ஒரு வாரம் பெரிதில்லை. முடிக்காமல் சைக்கிளில் ஏறிப் போன அந்த வாக்கியத்தை மைக்கில் முடிப்பார் என்று ஒரு நப்பாசை. ஜெபக்கூடத்தில் அவருக்கு நேர் எதிரே, முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். மைக் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்தது. கையில் வாங்கினார். எழுந்திருக்க முயல்பவர்போல ஒரு கணம் கைத்தடியை இறுக்கினார். பிறகு, பக்கத்தில் இருந்தவரிடம் அதைக் கொடுத்துவிட்டார்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். மைக் வருகிறது, போகிறது. அவர் அந்தச் சாட்சியைச் சொல்வதை நிறுத்திவிட்டார். நான் இன்னும் அதே இடத்தில்தான் உட்காருகிறேன்.